பலர் நடுவே படிப்பது: வாசிப்புக் கூடத்தில் மூன்று ஆண்டுகள் கற்றுத்தந்தவை

முதுகலை வேதியியல் படித்த இரண்டு ஆண்டுகளும், அதற்குப் பின் தகுதித் தேர்வுக்குத் தயாரான ஓராண்டும் நான் பெரும்பாலும் படித்தது பொது வாசிப்புக் கூடத்தில்தான். வீட்டில் தனியறை இல்லை. விடுதியில் இருந்தபோதோ ஓர் அறையில் நான்கு பேர். ஆகவே நீண்ட மேசைகளும் வரிசை வரிசையான நாற்காலிகளும் கொண்ட அந்தக் கூடமே என் படிப்பறை ஆயிற்று. முதல் ஆறு மாதங்கள் ஏறத்தாழ வீணாயின. காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்புவேன். எட்டு மணி நேரம் படித்த களைப்பு உடம்பில் இருக்கும். ஆனால் இரவில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அன்று படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட நிரம்பாது. கூடம் இரைச்சலானது, அதனால்தான் மனம் நிற்கவில்லை என்று எல்லாரையும் போல நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு வைக்கத் தொடங்கினேன். புத்தகத்திலிருந்து தலை நிமிரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. கோட்டின் அருகில் ஓர் எழுத்து. சத்தம் கேட்டு நிமிர்ந்தால் 'ச', யாராவது வந்து பேசினால் 'ஆ', வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் நானாக நிமிர்ந்தால் 'நா'. மாலையில் எண்ணிப் பார்த்தபோது 64 கோடுகள் இருந்தன. அவற்றில் 37 கோடுகளின் அருகில் 'நா' என்று எழுதியிருந்தது. அது போதுமான அதிர்ச்சியாக இருந்தது என்றாலும், அந்தக் கோடுகள் எங்கெங்கே குவிந்திருந்தன என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் விஷயம் புலப்பட்டது. ஏற்கெனவே பழகிய கணக்குகளைப் போட்ட நேரத்தில் மணிக்கு இரண்டோ மூன்றோ கோடுகள்தாம். புதிய பாடம் ஒன்றை முதன்முறையாகப் படித்த ஒரே ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது.

அந்தப் புதிய பாடம் கருக்கவர் பதிலீட்டு வினைகள்; அதாவது, ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் அணுத்தொகுதி (வெளியேறும் தொகுதி) விலக, எலக்ட்ரான் இணையைத் தரும் வேறொன்று (கருக்கவர் பொருள்) அந்த இடத்தைப் பிடிக்கும் வினைகள். வெளியேறும் தொகுதி முதலில் விலகி, நேர்மின் சுமையுள்ள கார்பன் அயனி ஒன்று இடையில் உண்டாகிறதா, அல்லது கருக்கவர் பொருள் பின்புறமிருந்து தாக்கும் அதே கணத்தில் அது விலகுகிறதா என்பதை வளைந்த அம்புக்குறிகளால் வரைந்து காட்ட வேண்டும். பார்த்து எழுதினால் இரண்டு வரி; ஆனால் எந்த எலக்ட்ரான் இணை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மனக்கண்ணில் நிறுத்தி வைத்துக்கொண்டு அடுத்த படியை யோசிக்க வேண்டும். முதல் அம்பை வரைந்து முடித்திருப்பேன். எதிர்வரிசையில் ஒருவர் நாற்காலியை இழுத்து உட்காருவார். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் அந்த அம்பு ஏன் வரைந்தோம் என்பதே மறந்திருக்கும். மறுபடியும் பத்தியின் முதல் வரி. அன்று ஒரே பத்தியை ஐந்து முறை தொடக்கத்திலிருந்து படித்தேன். அதே நாள் மாலையில், அதே இருக்கையில், ஏற்கெனவே பழகிய சமநிலை மாறிலிக் கணக்குகள் பன்னிரண்டை ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். பக்கத்தில் எப்போது இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

இடம் ஒன்று, ஆள் ஒன்று, நாள் ஒன்று. மாறியது வேலையின் தன்மை மட்டுமே. இதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பிறர் அருகில் இருக்கும்போது சிலர் நன்றாகச் செயல்படுவதும் சிலர் தடுமாறுவதும் ஏன் என்ற கேள்விக்கு ராபர்ட் ஸயன்ஸ் 1965இல் ஒரு விடை முன்வைத்தார்: பிறர் இருப்பது நம்மை ஒருவகையில் முடுக்கிவிடுகிறது, அந்த முடுக்கம் நன்கு பழகிய செயலை விரைவாக்குகிறது, பழகாத கடினமான செயலைக் குழப்புகிறது. 1969இல் அவரும் அவருடைய குழுவினரும் இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்துக்கூடச் சோதித்தார்கள். நேர்ப்பாதையில் ஓட வேண்டியிருந்தபோது, மற்றக் கரப்பான்பூச்சிகள் பார்க்கும் இடத்தில் அவை விரைவாக ஓடின. திரும்பி வழிகண்டு போக வேண்டிய பாதையில் மெதுவாயின. படிப்பவனுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொது இடத்தில் படிக்க முடியுமா, முடியாதா என்று கேட்பதே பொருந்தாத கேள்வி; எந்த வேலையை அந்த இடத்துக்கு எடுத்துப் போகிறோம் என்பதே கேட்க வேண்டியது.

அதன்பிறகு என் நாளை இரண்டாகப் பிரித்தேன். புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியவை, நிறுவல்கள், முதன்முறை வாசிப்பு ஆகியவற்றைக் கூடம் திறந்தவுடன் கிடைக்கும் முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒதுக்கினேன். அந்நேரத்தில் கூடத்தில் ஏழெட்டுப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். கூட்டம் சேரத் தொடங்கியதும் பழகிய வேலைக்கு மாறிவிடுவேன்: பழைய வினாத்தாள்களைப் போடுவது, வாய்பாடுகளை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது, குறிப்பெடுத்தவற்றைச் செம்மைப்படுத்துவது. மேசையில் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் காட்சியே இவ்வகை வேலையைத் தள்ளிக்கொண்டு போகும். தனியே இருந்தால் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடக்கூடிய நான், அங்கே ஒன்றேகால் மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். காலையில் போக முடியாதவர்கள் கூட்டம் குறையும் கடைசி நேரத்தையோ, உணவு வேளையில் கூடம் வெறிச்சோடும் இடைவெளியையோ கடினமான வேலைக்குப் பயன்படுத்தலாம். ஒரு வாரம் கவனித்தாலே எந்த இடத்திலும் அத்தகைய இடைவெளி ஒன்று இருப்பது தெரிந்துவிடும்.

இருக்கையைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் அந்த நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் உதவியாளர். சார்ஜர் செருக வசதியாக இருந்ததால் நான் எப்போதும் கதவை ஒட்டிய வரிசையில் உட்காருவேன். ஒரு நாள் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நின்று, "தம்பி, நானும் பாக்கறேன், கதவு தெறக்கறப்ப எல்லாம் நீங்க நிமிர்றீங்க. அந்தக் கடைசி அலமாரிக்குப் பின்னால ஒரு மேசை இருக்கு, சுவரைப் பாத்து. அங்க போய் ஒரு வாரம் உக்காந்து பாருங்க" என்றார். நான் கோடு போட்டுக் கண்டுபிடித்ததை அவர் புத்தகம் அடுக்கியபடியே கண்டுபிடித்திருந்தார். அந்த மேசைக்கு மாறிய முதல் நாளில் என் கோடுகள் 64இலிருந்து 30க்குக் கீழே வந்தன. சார்ஜருக்கு வசதி இல்லாததால் முந்தைய இரவே மடிக்கணினிக்கு மின்னேற்றி வைக்கப் பழகினேன். மின்கலம் தீரும்வரைதான் அன்றைய கணினி வேலை என்ற வரம்பும் அதனாலேயே அமைந்தது.

கதவு, நடைபாதை, தண்ணீர்க் குழாய், மின்செருகி, அச்சுப்பொறி ஆகிய ஐந்தையும் ஒட்டிய இருக்கைகளைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, நம் கண்ணெதிரே யாருடைய திரை தெரிகிறது என்பதில் இருக்கிறது. 2013இல் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்றில், பாடம் நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்த மாணவர்கள் பின்னர் நடந்த தேர்வில் பின்தங்கினார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் தாங்கள் எந்தத் தவறும் செய்யாமல், அப்படிப்பட்டவர்களின் திரை தெரியும் இடத்தில் உட்கார்ந்திருந்த மாணவர்களும் மற்றவர்களைவிட 17 விழுக்காடு குறைவான மதிப்பெண் பெற்றார்கள். அடுத்தவர் திரையில் ஓடும் காணொளியை நாம் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாலும் கண் அதை விடுவதில்லை. ஆகவே உட்காருமுன் ஒரு நொடி நின்று, இங்கிருந்து எனக்கு என்னென்ன தெரியும் என்று பார்த்துவிட்டு உட்காருவது வழக்கமாயிற்று. நம் திரையும் பின்வரிசைக்குத் தெரிகிறது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பொது இடத்தில் இது ஒருவருக்கொருவர் செய்யும் அடிப்படை உதவி.

சத்தத்தைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணமும் மாறியது. மின்விசிறியின் ஓசை, தாள் புரளும் ஒலி, வெளியே போகும் வண்டிகளின் இரைச்சல் ஆகியவை சில நிமிடங்களில் காதுக்குப் பழகிவிடும். பேச்சு மட்டும் பழகுவதே இல்லை. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் செய்த சோதனையில், எழுத்துகளைப் பார்த்து வரிசையாக நினைவில் வைத்த மாணவர்களுக்குப் பின்னணியில் அவர்களுக்குப் புரியாத ஜெர்மன் மொழிப் பேச்சு ஒலிபரப்பப்பட்டது. புரியாத பேச்சே என்றாலும் அவர்களது நினைவு குறைந்தது. பொருள் புரியும் பேச்சு என்றால் வாசிப்பும் சேர்ந்து கெடும். அதிலும் மோசமானது செல்பேசியில் ஒருவர் பேசும் பாதி உரையாடல். 2010இல் லாரன் எம்பர்சனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், இருவர் பேசுவதை முழுதாகக் கேட்டவர்களைவிட, ஒருவர் பேசும் பாதியை மட்டும் கேட்டவர்கள் தம் வேலையில் அதிகமாகத் தடுமாறினார்கள். அடுத்த பாதியை மனம் தானாகவே நிரப்பப் பார்ப்பதுதான் காரணம். கூடத்தின் மூலையில் ஒருவர் தாழ்ந்த குரலில், "ஆமா... இல்ல, அது அவன் சொன்னதுதான்... சரி, எப்ப?" என்று பேசிய மூன்று நிமிடங்கள், வெளியே ஒரு மணி நேரம் ஓடிய துளையிடும் இயந்திரத்தைவிட என்னை அதிகமாகக் குலைத்தன. தாழ்ந்த குரலில் பேசுவதே மரியாதை என்று நாம் நினைக்கிறோம். படிப்பவருக்கு அந்தக் கிசுகிசுப்பே பெரிய இடையூறு. எழுந்து வெளியே போய்ப் பேசுவதைத் தவிர வேறு மரியாதை இதில் இல்லை.

பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பதும் இதே கணக்கில்தான் வரும். பாடல் வரிகள் உள்ள இசை, காதுக்குள் நாமே அழைத்துவந்த பேச்சு. கணக்குப் போடும்போது அதைச் சமாளிக்கலாம். படித்துப் புரிந்துகொள்ளும்போது முடியாது. சொற்களில்லாத இசையும் மழை ஓசை போன்ற ஒரே சீரான ஒலியும் பேச்சை மறைக்க உதவுகின்றன. எனக்கு மிகவும் உதவியது மலிவான நுரைக் காதடைப்பான்தான்; அதைச் சுருட்டிக் காதில் வைத்தபின் விரிந்து அடைக்கும்வரை சில நொடிகள் விரலால் பிடித்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் பலர் அது பயன்படவில்லை என்று எறிந்துவிடுகிறார்கள்.

இனி 'ஆ' என்று நான் குறித்தவற்றுக்கு வருகிறேன். இதுவே சொல்வதற்குக் கடினமான பகுதி, ஏனென்றால் வந்து பேசியவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். தோளைத் தொட்டு, "டேய், ஒரே ஒரு நிமிஷம்" என்று தொடங்கும் பேச்சு ஒரு நிமிடத்தில்தான் முடியும். நான் குறித்து வைத்த நேரங்களும் அதையே காட்டின. இழப்பு அந்த ஒரு நிமிடத்தில் இல்லை. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுவதை 2009இல் சோஃபி லெராய் ஆராய்ந்து எழுதினார். நண்பன் கேட்டுவிட்டுப் போன கேள்வி அம்புக்குறிகளின் நடுவே மிதந்துகொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறேன். முகத்தைச் சுளித்தால் நட்பு கெடும், சுளிக்காவிட்டால் படிப்பு கெடும் என்ற நிலையில் பல மாதங்கள் ஒன்றும் சொல்லாமலே கழிந்தன.

கடைசியில் ஒரு மாலை, வெளியே படிக்கட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். உங்களால் எனக்குத் தொந்தரவு என்று சொல்லவில்லை. நான் வைத்திருந்த கோடுகளைக் காட்டி, உங்களில் யாருக்காவது இப்படி ஆகிறதா என்று மட்டும் கேட்டேன். நால்வருக்கும் ஆகிக்கொண்டிருந்தது, ஒவ்வொருவரும் மற்றவர் மனம் நோகும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறோம். அன்று ஓர் ஒப்பந்தம் செய்தோம். மேசையின் வலது மூலையில் சிவப்பு மூடி போட்ட பேனா குறுக்காகக் கிடந்தால், கூடம் தீப்பிடித்தால் ஒழிய அருகில் வரக் கூடாது; நெடுக்காகக் கிடந்தால் வரலாம். கேட்க வேண்டியது இருந்தால் ஒரு சிறு தாளில் எழுதிப் பேனாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இடைவேளையில் பதில் கிடைக்கும். முதல் வாரத்தில் வந்த பதினான்கு தாள்களில் ஒன்பதற்கு, நான் பதில் சொல்லுமுன்பே கேட்டவனே விடை கண்டுபிடித்திருந்தான். கேள்வியை எழுதும்போதே பாதி விடை தெரிந்துவிடுகிறது என்று அவர்களே சொன்னார்கள்.

இடைவேளைகளை ஒன்றாக வைத்துக்கொண்டதும் அந்த ஒப்பந்தத்தின் பகுதிதான். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று தொடங்கிய முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. எனக்கு 25 நிமிடம் போதவில்லை. ஒரு வினை வழிமுறை பிடிபடத் தொடங்கும் நேரத்தில் ஓய்வு வந்துவிடும். நாங்கள் 50 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம்; பொதுக் கூடத்தில் மணி ஒலிக்கக் கூடாது என்பதால் சுவர்க்கடிகாரமே எங்கள் டைமர், முழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்து வெளியே போவது வழக்கம். நண்பர்கள் எழுகிறார்கள் என்றால் நானும் எழுவேன். எழாத நேரத்தில் எழத் தோன்றாது. 'நா' கோடுகளை உண்மையில் குறைத்தது இந்த ஒழுங்குதான் என்று நினைக்கிறேன். எப்போது எழுவோம் என்பது முடிவாகிவிட்டால், இப்போது எழலாமா என்று மனம் ஓயாமல் கேட்பது நின்றுவிடுகிறது.

எழுந்து போகும் அந்தப் பத்து நிமிடங்களில் செல்பேசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்ய எனக்கு நெடுநாள் ஆயிற்று. பையின் அடியில், அணைத்து, நோட்டுகளுக்குக் கீழே வைத்தேன். எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பலர் பார்க்க அதைச் செய்யக் கூச்சமாக இருக்கும். பொது இடம் தரும் நன்மைகளில் இதுவும் ஒன்று.

கூட்டாகப் படிப்பதற்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் அது வாசிப்புக் கூடத்துக்கு உள்ளே அல்ல. வாரத்துக்கு இரண்டு நாள், மாலையில் ஒரு மணி நேரம், வெளி வராந்தாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். விளக்குவதில்லை, கேட்பது மட்டும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நாங்கள் முன்னர் 'குரூப் ஸ்டடி' என்ற பெயரில் செய்ததெல்லாம் ஒருவன் படிக்க மூவர் தலையாட்டுவதாக இருந்தது. எல்லாம் தெரிந்தது போன்ற நிறைவு மட்டும் மிஞ்சும். கேள்வி கேட்கத் தொடங்கியபின் அந்த நிறைவு போயிற்று. ஆனால் எதெது தெரியவில்லை என்ற பட்டியல் கையில் இருந்தது, மறுநாள் காலையின் அமைதியான ஒன்றரை மணி நேரத்தில் என்ன படிப்பது என்ற கேள்வியே எழவில்லை.

கூட்டம் நிறைந்த மூடிய கூடத்தில் பிற்பகலில் வரும் மந்தத்தை நான் நெடுநாள் சோம்பல் என்றே எண்ணியிருந்தேன். பலர் மூச்சு விடும் அடைத்த அறையில் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு இருக்கும் அந்த வாயு, காற்றோட்டமற்ற அறைகளில் எளிதாக 1000ஐத் தாண்டிவிடும். சன்னலைத் திறக்க அனுமதி கேட்டோம், கிடைத்தது. அனுமதி இல்லாத இடங்களில் இடைவேளையை வெளியே நடந்து கழிப்பதே வழி.

கடைசியாக, நாள் முடிவில் செய்யும் ஒரு சிறு வேலை. கூடம் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது புதிய பக்கத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, அஞ்சலட்டை அளவுள்ள ஒரு தாளில் அடுத்த நாள் முதலில் செய்ய வேண்டியதைச் செயலாகவே எழுதி வைப்பேன். 'கரிம வேதியியல் படிக்க வேண்டும்' என்று எழுதினால் மறுநாள் அதைப் பார்த்துவிட்டு மீண்டும் யோசிக்கத் தொடங்குவேன். அந்த யோசனை நேரத்தில்தான் கண் கூடத்தைச் சுற்றி வரும். 'கடைசி மேசையில் உட்கார்ந்ததும், 112ஆம் பக்கத்து மூன்றாம் வினையில் இரண்டாவது அம்பிலிருந்து வரைக. கூட்டம் வந்துவிட்டால் 2ஆம் வினாத்தாள்' என்று எழுதினால் யோசிக்க ஒன்றும் இருக்காது. எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நான் அந்தத் தாளைப் புத்தகத்தின் உள்ளே வைக்காமல், சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். மறுநாள் கதவைத் தள்ளும்போதே கை அதை எடுத்துவிடும். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே நான் கடைசி அலமாரியைத் தாண்டியிருப்பேன்.